பொருளாதாரத் தடை சாதாரண மக்களை எப்படித் தொடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை என்று செய்தி வந்தால் பேச்செல்லாம் அதிபர்கள், ஏவுகணைகள், எண்ணெய்க் கப்பல்கள் பற்றியே இருக்கும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர், மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறவர் அந்தச் செய்திக்குள் வருவதே இல்லை. இங்கே அவர்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பொருளாதாரத் தடையில் என்னவெல்லாம் அடங்கும்? யார் விதிப்பது?

ஒரு நாட்டோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது, வெளிநாட்டில் இருக்கும் அதன் பணத்தை முடக்குவது, அதன் வங்கிகளை ஒதுக்கி வைப்பது, குறிப்பிட்ட ஆட்களுக்கு விசா மறுப்பது எல்லாமே இதில் அடக்கம். ஐ.நா. பாதுகாப்பு மன்றம் விதித்தால் உறுப்பு நாடுகள் அனைத்தும் கட்டுப்பட வேண்டும், ஐ.நா. சாசனத்தின் 41-ஆவது பிரிவு அதற்கான அதிகாரத்தைத் தருகிறது. அமெரிக்காவோ ஐரோப்பிய ஒன்றியமோ தனியாக விதிப்பவை வேறு ரகம். அவை தங்கள் நாட்டவரை மட்டும்தான் கட்டுப்படுத்தும் என்று தோன்றும். ஆனால் உலக வணிகத்தில் பெரும்பகுதி டாலரில் நடப்பதால், அமெரிக்கா ஒரு நாட்டைப் பட்டியலில் சேர்த்தால் மூன்றாவது நாட்டு வங்கியும் ஒதுங்கிக்கொள்கிறது. போதாததற்கு, ‘அவர்களோடு வியாபாரம் செய்தால் எங்களோடு செய்ய முடியாது’ என்று மூன்றாம் நாட்டவரையே கட்டிப்போடும் இரண்டாம் நிலைத் தடைகளும் உண்டு.

உணவுக்கும் மருந்துக்கும் தடை கிடையாது என்கிறார்களே? பிறகு ஏன் மருந்து கிடைக்காமல் போகிறது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். சட்டப் புத்தகத்தைப் பிரித்தால் அவர்கள் சொல்வது சரி. ஏறக்குறைய எல்லாத் தடைச் சட்டங்களிலும் மருந்துக்கும் உணவுக்கும் விலக்கு எழுதியிருப்பார்கள்.

சரி, மருந்தை வாங்கலாம். பணத்தை எப்படி அனுப்புவது? ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் அமைப்பு, பெல்ஜியத்தில் இயங்கும் ஸ்விஃப்ட். ஈரானிய வங்கிகள் பல 2012 மார்ச்சில் அதிலிருந்து துண்டிக்கப்பட்டன. வல்லரசுகளோடு ஈரான் 2015-இல் செய்த அணுசக்தி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பச் சேர்ந்தன. அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை விட்டு விலகியபின், 2018 நவம்பரில் மறுபடியும் பல துண்டிக்கப்பட்டன. விற்கத் தயாராக ஒரு நிறுவனம் இருக்கிறது, வாங்கத் தயாராக ஒரு மருத்துவமனை இருக்கிறது, நடுவில் பணம் கடக்கப் பாலம் இல்லை.

பாலம் இருந்தாலும் அதில் கால் வைக்க வங்கிகள் பயப்படுகின்றன. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. சூடான், ஈரான், கியூபா தொடர்பான பரிமாற்றங்களுக்காக பிரான்சின் பி.என்.பி. பாரிபா வங்கி 2014-இல் அமெரிக்காவுக்கு அபராதமாகக் கட்டிய தொகை கிட்டத்தட்ட 890 கோடி டாலர். அந்தச் செய்தியைப் படித்த ஒரு வங்கி அதிகாரியின் இடத்தில் இருந்து பாருங்கள். மருந்துக்கான சின்னப் பரிமாற்றம் ஒன்று மேசைக்கு வருகிறது. சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் எங்காவது ஒரு பெயர் பட்டியலில் மாட்டினால் வேலையே போகும். கிடைக்கப்போகும் கட்டணமோ அற்பம். அவர் ‘வேண்டாம்’ என்று எழுதிவிடுவார். கப்பல் நிறுவனம், காப்பீட்டு நிறுவனம், மருந்து தயாரிப்பவர் என்று ஒவ்வொரு படியிலும் இதே கணக்குத்தான். தேவைக்கு மேல் கட்டுப்படுதல் என்று இதைச் சொல்கிறார்கள். தடைச் சட்டத்தில் எழுதப்படாத தடை இது.

எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்று ஒரு பிறவி நோய் உண்டு. தோல் வண்ணத்துப்பூச்சியின் இறகு போல அத்தனை மென்மையாக இருக்கும். உரசினாலே உரிந்து புண்ணாகும். அந்தக் குழந்தைகளின் உடம்பில் நாள்தோறும் கட்டுப் போட்டு மாற்ற வேண்டும். சாதாரணத் துணிக்கட்டு புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். ஒட்டாமல் விலகி வரும் நுரைக்கட்டு ஐரோப்பாவிலிருந்து ஈரானுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2018-இல் அமெரிக்கத் தடை திரும்ப வந்தபின் ஸ்வீடன் நிறுவனம் ஒன்று அதை அனுப்புவதை நிறுத்திவிட்டது. கட்டுத்துணிக்கு எந்தச் சட்டமும் தடை போடவில்லை. வீட்டில் பிள்ளையை மடியில் வைத்து, வெந்நீரில் ஊறவைத்து, பழைய கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கும் தாய்க்கு அந்த விலக்கு எழுதிய காகிதத்தால் என்ன பயன்?

கியூபாவின் கதை வேறு மாதிரி. 1992-இல் அமெரிக்கா இயற்றிய சட்டப்படி, வணிகத்துக்காகக் கியூபாத் துறைமுகத்தைத் தொட்ட கப்பல் அடுத்த 180 நாள் அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது. அங்கே போகச் சம்மதிக்கும் கப்பல்கள் குறைந்தால் கூலி ஏறும். அது அரிசி மூட்டையின் விலையில்தான் வந்து விழும்.

தடைப் பட்டியலில் இல்லாத சின்னச் சின்னப் பொருள்களுக்குக்கூட ஏன் தட்டுப்பாடு வருகிறது?

‘இரட்டைப் பயன்’ என்ற ஒரு சொல்லால். வீட்டுக்கும் உதவும், ஆயுதத்துக்கும் உதவலாம் என்று தோன்றும் எதையும் அதில் சேர்க்கலாம். குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரினை வைத்து நச்சுவாயுவும் செய்யலாம் என்பதால் குவைத்தை ஆக்கிரமித்ததற்காகத் தடைக்குள்ளான ஈராக்குக்கு 1990-களில் போகும் குளோரினுக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. 1991 வளைகுடாப் போரில் மின் நிலையங்களும் குண்டுகளால் சிதைந்திருந்தன. மின்சாரம் இல்லாமல் கழிவுநீர் நிலையங்கள் நின்றன, சாக்கடை ஆற்றில் கலந்தது, அதே ஆற்று நீர்தான் குழாயில் வந்தது. வயிற்றுப்போக்கும் டைபாய்டும் பரவின.

வடகொரியா மீது 2017 டிசம்பரில் பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 2397-ஆவது தீர்மானம் உலோகங்கள், இயந்திரங்கள், மின்கருவிகள் என்று வகைவகையாகத் தடுத்தது. நகவெட்டிகூட அதற்குள் வந்துவிட்டது. மருத்துவக் கருவிகளையும் விவசாயக் குழாய்களையும் கொண்டுபோக விரும்பிய தொண்டு அமைப்புகள், ஒவ்வொரு பொருளையும் பட்டியலிட்டு ஐ.நா. குழுவிடம் விலக்குக் கேட்டுக் காத்திருந்தன.

தடை அறிவித்த உடனே விலைவாசி ஏறுவது ஏன்? சரக்கு தீர நாளாகுமே?

சரக்கு தீருவதற்கு முன்பே நாணயத்தின் மீதிருக்கும் நம்பிக்கை தீர்ந்துவிடுகிறது. இனி டாலர் வராது என்று தெரிந்ததும் கையில் காசு உள்ளவர்கள் எல்லாரும் டாலருக்கும் தங்கத்துக்கும் ஓடுகிறார்கள். உள்ளூர்ப் பணத்தின் மதிப்பு சரிகிறது. பழைய விலைக்கு விற்றால் புதிய சரக்கு வாங்க முடியாது என்பதால் கடைக்காரரும் அன்றைய டாலர் விலையைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார். ஈரானில் 2015-இல் வெளிச்சந்தையில் ஒரு டாலருக்கு 35,000 ரியாலுக்கும் குறைவு. 2025-இல் அது பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஈராக்கில் நடந்ததை நினைத்தால் இன்னும் மனம் பதறுகிறது. 1990-க்கு முன் அரசு விலையில் ஒரு தினார் கொடுத்தால் மூன்று டாலருக்கு மேல் கிடைக்கும். 1995 முடியும்போது சந்தையில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 3,000 தினார். ஆசிரியர், மருத்துவர், பொறியாளர் ஆகியோரின் மாதச் சம்பளம் சில டாலர்களாகச் சுருங்கியது. முதலில் வாகனத்தை விற்றார்கள், அப்புறம் நகை, அப்புறம் கதவும் சன்னலும்கூட. பாக்தாதின் முத்தனப்பி தெரு பெயர்பெற்ற புத்தகச் சந்தை. ஆயுள் முழுக்கச் சேர்த்த சொந்த நூலகத்தை அங்கே நடைபாதையில் பரப்பி வைத்துப் பேராசிரியர்கள் விற்றார்கள். வாங்கியவர்களிலும் பலர் அவர்களைப் போன்றவர்களே.

அப்படியானால் மக்கள் பட்டினி கிடக்காமல் எப்படித் தப்பித்தார்கள்?

ரேஷனால். ஈராக் அரசு தடை வந்த அடுத்த மாதமே, 1990 செப்டம்பரில், மாவு, அரிசி, சர்க்கரை, தேயிலை, எண்ணெய் என்று குடும்ப அட்டைக்கு வழங்கத் தொடங்கியது. முதலில் அது ஒருவரின் தேவையில் பாதிக்குச் சற்று மேல்தான் இருந்தது. ஐ.நா. கண்காணிப்பில் எண்ணெயை விற்று உணவும் மருந்தும் வாங்க அனுமதித்த ‘எண்ணெய்க்கு உணவு’ திட்டத்தில் 1996 டிசம்பரில் எண்ணெய் விற்பனை தொடங்கி, 1997 மார்ச்சில் முதல் உணவுக் கப்பல் வந்த பிறகு நிலைமை தேறியது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சோறு போடும் அட்டை அரசின் கையில் இருக்கும்போது அந்த அரசை எதிர்த்து யார் பேசுவார்கள்? தடையால் பலவீனப்பட வேண்டிய ஆட்சி, அதே தடையால் மக்கள் மீதான தன் பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டது.

தடையால் ஈராக்கில் 5 லட்சம் குழந்தைகள் இறந்தார்கள் என்பது உண்மையா?

அந்த எண்ணை இன்று அப்படியே சொல்லக் கூடாது. அது முக்கியமாக 1999-இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. ஈராக் அரசின் ஒத்துழைப்போடு எடுத்த கணக்கு. சதாம் உசேன் வீழ்ந்தபின் எடுத்த ஆய்வுகளில் அந்த அளவு சாவு தென்படவில்லை. பழைய கணக்கில் அரசு கைவைத்திருக்கிறது என்று 2017-இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வந்த கட்டுரை எடுத்துக்காட்டியது.

ஆனால் எண் தவறு என்பதால் துயரமே பொய் என்று ஆகிவிடாது. ஈராக்கில் ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிகளுக்குத் தலைமை வகித்த டெனிஸ் ஹாலிடே 1998-இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் ஃபொன் ஸ்போனெக் 2000-இலும், இந்தத் தடை மக்களை அழிக்கிறது என்று சொல்லிப் பதவியை விட்டு விலகினார்கள். ஊதிப் பெருக்கிய எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது, உண்மையிலேயே தவித்த குடும்பங்களுக்குச் செய்யும் கெடுதல். எதிர்த்தரப்பு அந்த ஒரு எண்ணை உடைத்துவிட்டு மிச்சத்தையும் சேர்த்து ஒதுக்கிவிடும்.

உலக அளவில் பார்த்தால், 152 நாடுகளின் 1971 முதல் 2021 வரையான தரவுகளை ஆராய்ந்து 2025-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஐ.நா. அல்லாத தனிநாட்டுத் தடைகளோடு தொடர்புடைய சாவுகள் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சத்து 64 ஆயிரம் என்பது அதன் மதிப்பீடு. பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இது புள்ளியியல் மதிப்பீடு, தலை எண்ணிய கணக்கு இல்லை என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

அடி யாருக்கு அதிகம்?

மாதச் சம்பளக்காரர், ஓய்வூதியக்காரர், நீண்டகால நோயாளி. இவர்களோடு ஏற்றுமதித் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள். மியான்மரின் ராணுவ ஆட்சியைத் தண்டிக்க 2003-இல் அமெரிக்கா அந்நாட்டுப் பொருள்களைத் தடுத்தபோது தையல் ஆலைகள் மூடின; பல்லாயிரம் பெண்களின் வேலை போனது. தளபதிகளின் வருமானம் எரிவாயுவிலிருந்தும் மாணிக்கக் கற்களிலிருந்தும் வந்துகொண்டுதான் இருந்தது. ஹைட்டியில் 1991 முதல் 1994 வரையிலான தடையின்போதும் இதே கதி.

லாபம் பார்ப்பவர்களும் உண்டு. எல்லையை மூடினால் எல்லை தாண்டத் தெரிந்தவர் பணக்காரர் ஆவார். யுகோஸ்லாவியா மீது 1992 மே மாதம் ஐ.நா. தடை வந்ததும் தலைநகர் பெல்கிரேடில் பெட்ரோல் நிலையங்கள் காய்ந்தன. சாலையோரத்தில் பிளாஸ்டிக் கேன்களிலும் பாட்டில்களிலும் பெட்ரோல் விற்றார்கள். அந்தக் கடத்தலில் கொழுத்த கும்பல்களுக்கும் ஆட்சிக்கும் நெருங்கிய உறவு இருந்தது. ஈராக்கின் ‘எண்ணெய்க்கு உணவு’ திட்டத்திலும், 2,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சதாம் அரசுக்குக் கள்ளத்தனமாகப் பணம் கொடுத்தன என்று 2005-இல் பால் வோல்கர் தலைமையிலான விசாரணை சொன்னது. மொத்தம் 180 கோடி டாலர்.

எல்லாப் பழியையும் தடை மீது போடுவது சரியா? ஆட்சியாளர்கள் செய்த கேடு இல்லையா?

சரியில்லை. வெனிசுவேலாவில் கடை அலமாரிகள் காலியானதும் மக்கள் வரிசையில் நின்றதும் 2014 முதலே தொடங்கிவிட்டன. அமெரிக்கா நிதித் தடை விதித்தது 2017 ஆகஸ்டில், எண்ணெய்த் தடை 2019 ஜனவரியில். அதே சமயம், பெட்ரோல் சுத்திகரிக்கத் தேவையான பொருள்களையும் எண்ணெய் வருமானத்தையும் தடை வெட்டியதால் ஏற்கெனவே விழுந்தவர் எழ முடியாமல் போனதும் உண்மை. யுகோஸ்லாவியாவில் போர்ச் செலவுக்கு அரசு நோட்டு அடித்துத் தள்ளியது. 1994 ஜனவரியில் ஒரே மாதத்தில் பணவீக்கம் 31 கோடி சதவீதத்தைத் தாண்டியது. 50,000 கோடி தினார் என்று அச்சிட்ட ஒற்றை நோட்டு புழக்கத்தில் இருந்தது. அது தடையின் வேலை மட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தடையே காரணமில்லை என்றாலும் நம்ப வேண்டாம். ஆட்சியாளர்களுக்குத் தடை ஒரு சௌகரியமான சாக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரஷ்யாவில் மக்கள் வழக்கம்போலத்தானே இருக்கிறார்கள்?

பெரும்பாலும் ஆம். எண்ணெய், எரிவாயு, கோதுமை மூன்றும் சொந்தமாக உள்ள பெரிய நாடு அது. வாங்கச் சீனாவும் இந்தியாவும் இருக்கின்றன. 2022 மார்ச்சில் வங்கி அட்டை நிறுவனங்களான விசாவும் மாஸ்டர்கார்டும் வெளியேறியபோதும் உள்நாட்டில் அட்டைகள் ஓடின, ஏனென்றால் சொந்தப் பரிமாற்ற அமைப்பை முன்பே கட்டி வைத்திருந்தார்கள். ஆனாலும் தடயங்கள் உண்டு. கைப்பேசியைக் காட்டி மெட்ரோ வாசலைக் கடந்து பழகியவர்கள் திடீரென்று சில்லறை தேடினார்கள். உதிரி பாகம் வராததால் 2022-இல் லாடா கிரான்டா காரின் ஒரு வகை, மோதலில் உயிர் காக்கும் காற்றுப்பை இல்லாமலே விற்பனைக்கு வந்தது. எல்லா நாடுகளுக்கும் இந்தத் தெம்பு கிடையாது. ஆப்கானிஸ்தானில் தாலிபான் ஆட்சியைப் பிடித்த 2021 ஆகஸ்டுக்குப் பிறகு மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலர் அமெரிக்காவில் முடங்கியது. வங்கிகள் திறந்தபோது, சொந்தக் கணக்கிலிருந்தே வாரத்துக்கு 200 டாலருக்கு மேல் எடுக்க முடியவில்லை. அதற்கும் விடியற்காலையிலிருந்து வரிசை.

இணையத்தையும் இது பாதிக்குமா?

பாதிக்கும். 2019 ஜூலையில் ஈரான், சிரியா, கிரைமியாவில் இருந்த மென்பொருள் எழுதுகிறவர்கள் பலர், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் தங்கள் சொந்தத் தொகுப்புகளையே திறக்க முடியாமல் திகைத்தார்கள். ஈரானியருக்கு அது முழுமையாகத் திரும்பியது 2021 ஜனவரியில், அமெரிக்க அரசு உரிமம் கொடுத்த பிறகு.

தடைகளால் ஆட்சிகள் பணிகின்றனவா?

சில நேரம். இருபதாம் நூற்றாண்டின் தடைகளை ஆராய்ந்த ஹஃப்பவர் குழுவினர், மூன்றில் ஒரு பங்கு ஓரளவாவது பலன் தந்தது என்றார்கள். அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ராபர்ட் பேப் அதை மறுத்தார். அவர்கள் வெற்றி என்று முன்பு எண்ணிய 40-இல் ஐந்துதான் தேறும் என்பது அவர் கணக்கு.

தென்னாப்பிரிக்காவில் தடைதானே நிறவெறியை வீழ்த்தியது?

தடை மட்டும் இல்லை. ஆனால் அதற்குப் பங்கு உண்டு. இந்தியா 1946-லேயே வணிகத்தை முறித்துக்கொண்டது. 1985-இல் வெளிநாட்டு வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்தன. 1986-இல் அதிபர் ரீகனின் வீட்டோவையும் மீறி அமெரிக்க நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்தது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு ஒன்று. ஆல்பர்ட் லுதூலியும் டெஸ்மண்ட் டூட்டுவும், ஒடுக்கப்பட்டவர்களின் பிரதிநிதிகளாக நின்று, வலி எங்களுக்கும் வரும், பரவாயில்லை, தடை போடுங்கள் என்று தாங்களே கேட்டார்கள். யாருக்காக என்று சொல்லித் தடை போடுகிறோமோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தடை உள்ள நாட்டில் உறவினர்கள் இருக்கிறார்கள். பணம் அனுப்பலாமா?

பல தடைச் சட்டங்களில் குடும்பச் செலவுக்கான சிறுதொகைக்கு அனுமதி உண்டு. வழிதான் அடிக்கடி மூடும். 2020 நவம்பரில் கியூபாவில் வெஸ்டர்ன் யூனியனின் 400-க்கும் மேற்பட்ட கிளைகள் மூடியது ஓர் உதாரணம். நீங்கள் வசிக்கும் நாட்டின் நிதித்துறை வெளியிடும் பொது உரிமங்களை, அதாவது தனியாக விண்ணப்பிக்காமலே பயன்படுத்தக்கூடிய அனுமதிகளை, முதலில் பாருங்கள். யாருக்கு, எதற்கு என்ற விவரத்தை மறைக்காமல் எழுதுங்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். நாட்டின் பெயரைக் கண்டதும் கணினியே பரிமாற்றத்தை நிறுத்துவது உண்டு. அதற்காகப் பொய்க் காரணம் எழுதினால் சிக்கல் உங்கள் தலையில் விழும். 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்துக்குப் பிறகு சிரியாவுக்கு உதவ நினைத்தவர்களும் இப்படித்தான் தடுமாறினார்கள். மூன்று நாள் கழித்து, நிவாரணத்துக்காக 180 நாள் விலக்கை அமெரிக்கா அறிவித்தது.

தலைவர்களை மட்டும் குறிவைக்க முடியாதா?

ஈராக் அனுபவத்துக்குப் பிறகு அந்தப் பக்கம்தான் போனார்கள்: தனிநபர்களின் சொத்தை முடக்குவது, பயணத்தைத் தடுப்பது. 2022 டிசம்பரில் பாதுகாப்பு மன்றம் 2664-ஆவது தீர்மானத்தில், ஐ.நா. விதிக்கும் சொத்து முடக்கங்கள் மனிதாபிமான உதவியைத் தடுக்கக் கூடாது என்று பொதுவான விலக்குக் கொடுத்தது. நல்ல மாற்றம். ஆனால் ஒரு நாட்டின் மத்திய வங்கியையோ எண்ணெய் நிறுவனத்தையோ பட்டியலில் சேர்த்தால் அதைக் குறிவைத்த தடை என்று சொல்வது கடினம்.

தடையை நீக்கினால் உடனே எல்லாம் சரியாகுமா?

ஆகாது. 2016 ஜனவரியில் ஈரான் மீதான அணுசக்தித் தடைகள் பல நீங்கின. ஐரோப்பாவின் பெரிய வங்கிகள் அப்போதும் ஒதுங்கியே நின்றன. பழைய விமானங்களில் பயணம் செய்து சலித்த மக்களுக்காக ஈரான் ஏர் ஏறக்குறைய 100 ஏர்பஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. 2018-இல் தடை திரும்ப வருவதற்குள் அவற்றில் வந்து சேர்ந்தவை மூன்று.